மே மாதத்தில் நார்வே ஃபியோர்ட் வழியே கார் பயணம்: முழுமையான வழிகாட்டி

நார்வேயின் மேற்குக் கரையில் மே மாதம் இரண்டு பருவங்களாக இருக்கும். கீழே, கடல்நீர் மட்டத்தில், ஆப்பிள் மரம் பூத்து நிற்கும். அங்கிருந்து முக்கால் மணி நேரம் மலையேறினால் சாலையின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே பனிச்சுவர். இது புரிந்தால் பயணத் திட்டம் பாதி முடிந்த மாதிரி.

முதல் முறை போனபோது எனக்கு இது புரியவில்லை. அவுர்லன் என்ற ஊரிலிருந்து மலைமேல் ஏறி அந்தப் பக்கம் லார்டாலில் இறங்குவதாகத் திட்டம். வரைபடத்தில் கோடு இருந்தது, அதனால் சாலையும் இருக்கும் என்று நம்பிவிட்டேன். பாதி மலை ஏறியதும் குறுக்கே தடுப்புக் கம்பம். அப்பால் வெறும் பனி. திரும்பிக் கீழே வந்து சுரங்கப்பாதை வழியாகப் போனோம். மொத்தத்தில் ஒரு மணி நேரம்தான் போனது. ஆனால் அந்தத் தடுப்புக் கம்பத்தின் முன்னால் நின்றபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. இந்தப் பகுதியில் பெரும்பாலான மலைச்சாலைகளுக்கு ஒரு ஜோடி உண்டு. மேலே கணவாய், கீழே சுரங்கமோ படகோ. கீழ் வழியை வைத்துத் திட்டம் போடுங்கள். மேல் வழி திறந்திருந்தால் அது லாபம்.

1. தேதியை முடிவு செய்வது

மே 10க்கும் ஜூன் 5க்கும் இடையில் ஒன்பது பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் வேண்டாம். பனி உருகிச் சேறாக இருக்கும், மரங்கள் மொட்டையாக நிற்கும், பல விடுதிகள் திறந்திருக்காது. ஈஸ்டர் வாரத்தில் நார்வேக்காரர்களே மலைக்குடில்களுக்குப் படையெடுப்பார்கள்.

எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்துத் தேதி நகரும். ஃபியோர்ட் என்பது மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளமாக நுழையும் கடல். ஹார்டாங்கர் ஃபியோர்டின் பழத்தோட்டங்கள் பூப்பது பெரும்பாலும் மே நடுவிலிருந்து மாதக் கடைசி வரை. செர்ரியும் ப்ளம்மும் முந்திக்கொள்ளும், ஆப்பிள் கடைசியில் வரும். குளிர்காலம் நீண்டால் எல்லாமே ஒரு வாரம் தள்ளிப்போகும். அருவிகள் முழு வீச்சில் கொட்டுவது மே கடைசியிலும் ஜூன் முதலிலும், பனி உருகும் நேரத்தில். ஆகஸ்ட்டில் அதே அருவி சில இடங்களில் நூல் மாதிரி இறங்கும். பூவும் அருவியும் சேர்ந்து வேண்டுமென்றால் மே 18 வாக்கில் தொடங்குவதுதான் என் கணக்கு.

ஏன் 18? மே 17 நார்வேயின் அரசியலமைப்பு நாள். 1814இல் அய்ட்ஸ்வோல் என்ற இடத்தில் அரசியலமைப்பில் கையெழுத்திட்டதைக் கொண்டாடுகிறார்கள். ஊருக்கு ஊர் குழந்தைகள் ஊர்வலம், பேண்டு வாத்தியம். அந்தந்த ஊருக்கே உரிய பூவேலை செய்த பூனாட் என்ற பாரம்பரிய உடையில் எல்லோரும் வெளியே வருவார்கள். பார்க்க வேண்டிய நாள், ஆனால் கார் ஓட்ட வேண்டிய நாள் இல்லை. கடைகள் மூடியிருக்கும், ஊர்வலத்துக்காக நடுச்சாலையை அடைப்பார்கள். அன்றைக்குப் பயணம் தொடங்கும் பெர்கன் நகரத்தில் இருங்கள், அடுத்த நாள் காலை வண்டியை எடுங்கள். மே 1, இயேசு விண்ணேற்ற வியாழன், பெந்தெகொஸ்தே திங்கள் ஆகியவையும் விடுமுறை. பின்னிரண்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அறை பதிவு செய்யும் முன் நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. மே நடுவில் பெர்கனில் காலை ஐந்துக்கு முன்பே விடியும், இரவு பத்துக்கு மேல்தான் சூரியன் மறையும். அதனால் "இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும்" என்ற பரபரப்பு கிடையாது. தூக்கம்தான் கெடும். கண்மூடித் துணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2. எந்தச் சாலை எப்போது திறக்கும்

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அவுர்லனுக்கும் லார்டாலுக்கும் நடுவே மலைமேல் போவதற்குப் பனிச்சாலை என்றே பெயர். வழக்கமாக ஜூன் தொடக்கத்தில்தான் திறக்கும், ஆகவே மே பயணத்தில் அதை மறந்துவிடலாம். அதன் ஜோடி லார்டால் சுரங்கம். நீளம் 24.5 கிலோமீட்டர், 2000ஆம் ஆண்டு திறந்தார்கள், உலகிலேயே நீளமான சாலைச் சுரங்கம். அத்தனை தூரம் ஒரே மாதிரி ஓட்டினால் ஓட்டுநர் கண்ணயர்ந்துவிடுவார் என்று ஏறக்குறைய ஆறு கிலோமீட்டருக்கு ஒரு பெரிய குகை வெட்டி நீல வெளிச்சம் போட்டிருக்கிறார்கள். விடியற்காலை வானம் மாதிரி இருக்கும்.

சோக்னெ மலைச்சாலை, எண் 55, வட ஐரோப்பாவிலேயே உயரமான கணவாய்ச் சாலை. உச்சி 1,434 மீட்டர். ஆச்சரியம் என்னவென்றால், இது பெரும்பாலும் மே தொடக்கத்திலேயே திறந்துவிடும். புதிதாகப் பனி வெட்டிய சாலையில் இரு பக்கமும் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ஓட்ட இதுதான் சரியான இடம். கடந்து போக வேண்டாம். சோக்ன்டால் பக்கமிருந்து ஏறி, பார்த்துவிட்டு, அதே வழியில் திரும்பினால் போதும்.

கெய்ராங்கர் ஊருக்குத் தெற்கிலிருந்து லாங்வாட்ன் வழியாக இறங்கும் சாலை 63 குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், மே மாதத்தில் ஏதோ ஒரு நாளில் திறக்கும். அதே ஊருக்கு வடக்கிலிருந்து வரும் கழுகுச்சாலை ஆண்டு முழுவதும் உண்டு. ஹெல்லெசில்ட்டிலிருந்து கார் படகும் வரும். பாலெஸ்ட்ரான்ட் பக்கமிருந்து ஏறும் கவுலர் மலைச்சாலையும் குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும். அதற்கு ஈடு ஃபியார்லன் வழியாகப் போகும் சாலை 5.

திறந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அரசுச் சாலைத் துறையான ஸ்டாட்டென்ஸ் வேக்வெசெனின் இணைய வரைபடத்தைத் தினமும் காலை பாருங்கள். நார்வே எண்ணிலிருந்து 175க்கு அழைத்தாலும் சொல்வார்கள். வழியில் பலகைகளும் உண்டு. 'ஸ்டெங்ட்' என்றால் மூடியிருக்கிறது, 'ஓப்பென்' என்றால் திறந்திருக்கிறது. 'கொலோன்னெ' என்று பார்த்தால், பனி வெட்டும் வண்டியின் பின்னால் வரிசையாகத்தான் போக வேண்டும் என்று பொருள். 'ராஸ்' என்றால் பாறையோ மண்ணோ சரியும் இடம். இரவில் உறைந்து பகலில் உருகும் தண்ணீர் பாறை இடுக்குகளை அகட்டுவதால் வசந்தத்தில் சரிவுகள் அதிகம். அந்தப் பலகைக்கு அடியில் படம் எடுக்க நிற்காதீர்கள்.

3. விசா, உரிமம், கார்

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வட்டமான ஷெங்கனில் இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே பயணம் என்றால் பிப்ரவரியிலேயே முடித்துவிடுவது நல்லது, ஏப்ரலில் நேரம் கிடைப்பது சிரமம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு என்றால் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை.

ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஆர்டிஓ அலுவலகத்தில் கிடைக்கும். வாடகைக் கார் கவுன்ட்டரில் இரண்டையும் கேட்கக்கூடும்.

காரில் மூன்று விஷயம் பாருங்கள். தானியங்கி கியரா என்று முதலில். நம்மில் பலர் இடது பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். இங்கே வலது பக்கம், ஸ்டியரிங் இடது கையோரம். இதோடு வலது கையால் கியரும் மாற்றிக்கொண்டிருந்தால் முதல் நாள் மூளை குழம்பும். இரண்டாவது டயர். தெற்கு நார்வேயில் பனிக்காக ஆணி பதித்த டயர்களுக்கான அனுமதி ஈஸ்டர் முடிந்த கையோடு தீர்ந்துவிடும், அதனால் மே மாதத்தில் பெரும்பாலும் கோடை டயரே இருக்கும். கணவாய் ஏறப் போகிறேன் என்று கவுன்ட்டரில் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, எடுத்த ஊரில் விடாமல் வேறு ஊரில் விடுவதற்கான கூடுதல் கட்டணம். இது சில நேரம் இரண்டு நாள் வாடகையைவிட அதிகமாக வரும்.

மின்சாரக் கார் வேண்டுமா? பயமே வேண்டாம். 2024இல் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சாரம்தான். சின்ன ஊரில்கூட விரைவு சார்ஜர் இருக்கும். ஏற்றத்தில் சார்ஜ் கடகடவென்று இறங்கும், இறக்கத்தில் ஓரளவு திரும்பி வரும், அவ்வளவுதான்.

4. ஓட்டும் முறை

ஊருக்கு வெளியே பொதுவாக மணிக்கு 80, ஊருக்குள் 50. ஆனால் ஃபியோர்ட் ஓரச் சாலைகளில் 80 என்பது பலகையில் மட்டும்தான். உண்மையில் சராசரி 50 கிடைத்தால் பெரிய விஷயம். வரைபடம் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், நடுநடுவே நிற்பது தனி. ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் தாண்டாமல் திட்டமிடுவது நல்லது. வேகமாகப் போனால் அபராதம் ஆயிரக்கணக்கான குரோனில் (நார்வே நாணயம்) வரும், கேமராக்கள் நிறைய.

பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும், இது சட்டம். பலகை இல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருபவருக்கே வழி. குறுகிய சாலையில் நீலப் பலகையில் எம் என்ற எழுத்து இருந்தால் அங்கே ஒதுங்கி எதிர் வண்டிக்கு வழிவிடலாம். யாருக்கு அந்த இடம் பக்கமோ அவர் ஒதுங்குவார், பின்னால் போகவும் தயங்க மாட்டார். ஒதுங்கியவருக்குக் கையை உயர்த்தி நன்றி சொல்வது அங்கே வழக்கம். படம் எடுக்க அந்த இடத்தில் நிறுத்தினால் மட்டும் முறைப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

மது வரம்பு 0.2 புரோமில், அதாவது ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.2 பங்கு. ஒரு பீர் குடித்தாலே அதைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. ஓட்டுபவர் குடிக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசர எண்கள்: தீயணைப்பு 110, காவல் 112, ஆம்புலன்ஸ் 113.

5. டோலும் படகும்

டோல் வாசலில் நிற்க வேண்டியதில்லை. மேலே இருக்கும் கேமராவோ வண்டியில் இருக்கும் சிப்போ பதிந்துகொள்ளும், வாடகை நிறுவனம் பிறகு உங்கள் கார்டில் எடுக்கும். சிப் இருக்கிறதா என்று கார் எடுக்கும்போதே கேளுங்கள். பெரும்பாலான கார் படகுகளுக்கும் இதே முறைதான்.

கார் படகு அங்கே சாலையின் ஒரு பகுதி. பெரும்பாலானவற்றுக்கு முன்பதிவு தேவையில்லை. துறையில் கோடு போட்ட வரிசையில் நிறுத்துங்கள், ஊழியர் கைகாட்டியதும் உள்ளே ஓட்டுங்கள், கைப்பிரேக் போடுங்கள், மேலே ஏறிக் காபி குடியுங்கள். வடக்குப் பக்கப் படகுகளில் ஸ்வேலெ என்று தடிமனான இனிப்புத் தோசை மாதிரி ஒன்று விற்பார்கள். வெண்ணெய், சர்க்கரை தடவி மடித்திருக்கும். பத்து நிமிடப் பயணத்தில் அதைச் சாப்பிட்டு முடிப்பது ஒரு கலை. உல்லாசப் பயணிகளை வைத்தே ஓடும் ஹெல்லெசில்ட் - கெய்ராங்கர் படகுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். அது எந்தத் தேதியில் ஓடத் தொடங்குகிறது என்பதையும் அந்த ஆண்டின் கால அட்டவணையில் பார்த்துவிடுங்கள்.

6. பாதை

முதல் நாள், பெர்கன். விமானம் இறங்கிய கையோடு கார் எடுக்க வேண்டாம். நீண்ட பயணக் களைப்பில் வலது பக்கம் ஓட்டுவது தேவையில்லாத சோதனை. துறைமுகத்தை ஒட்டிய பிரிக்கென் மரவீடுகளைப் பாருங்கள். ஜெர்மானிய ஹன்சா வணிகர்கள் காய்ந்த மீன் வியாபாரம் செய்த இடம், 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பெர்கன் ஐரோப்பாவின் பெரிய மழை நகரங்களில் ஒன்று, ஆனால் ஆண்டின் வறண்ட பகுதியே ஏப்ரல் முதல் ஜூன் வரைதான். அதற்காக மழைச்சட்டையை விட்டுவிட்டு வராதீர்கள். குடை காற்றில் திரும்பிக்கொள்ளும்.

இரண்டாம், மூன்றாம் நாள், ஹார்டாங்கர். கிழக்கே நூர்ஹெய்ம்சுன் வரை ஒன்றரை மணி நேரம். ஊருக்குச் சற்று முன்னால் ஸ்டெய்ன்ஸ்டால் அருவி. அதன் பின்னால் நடந்து போகலாம், மே கடைசியில் போனால் முன்பக்கம் ஒரு கண்ணாடிச் சுவர் உறுமிக்கொண்டிருக்கும். பிறகு ஃபியோர்ட் கரையோரமாகவே க்வான்டால் வந்து, படகில் ஊட்னெ போய், அங்கிருந்து இன்னொரு படகில் கின்சார்விக். அதற்குத் தெற்கே லொஃப்ட்ஹுஸ். இங்கே இரண்டு இரவு தங்குங்கள்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கெய்ராங்கர் இல்லை. ஸோர்ஃபியோர்ட் என்ற கிளையின் இரு கரையிலும் சரிவு முழுக்கப் பழத்தோட்டம். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ, அதற்குக் கீழே கரும்பச்சைத் தண்ணீர், எதிர்க்கரை உச்சியில் ஃபோல்கெஃபொன்னா பனியாறு. இங்கே பழ விவசாயத்தைத் தொடங்கி வைத்தவர்கள் மத்தியகாலத்துத் துறவிகள் என்பார்கள். அவர்கள் மலையில் அடுக்கிய கற்படிகள் இன்றும் இருக்கின்றன, துறவிப்படி என்றே பெயர். தோட்டங்களின் நடுவே நடக்கலாம், கிளையை ஒடிக்காமல். வழியில் பண்ணைகளில் ஆப்பிள் சைடர் ருசிக்கக் கொடுப்பார்கள். ஓட்டுபவருக்கு ஆப்பிள் ஜூஸ், அதுவும் பிரமாதம்.

இங்கிருந்து தெற்கே ஓட்டா வரை போய்வாருங்கள். சாலை 13 சில இடங்களில் ஒன்றரை வண்டி அகலம்தான், எதிரே சுற்றுலாப் பேருந்து வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓட்டா தாண்டினால் லோட்டெஃபொஸ். இரட்டை அருவி, 165 மீட்டர், பழைய கல்பாலத்தின் அடியில் பாய்ந்து வரும். வசந்தத்தில் சாரல் வண்டிக் கண்ணாடி முழுக்க அடிக்கும். ட்ரோல்டுங்கா பாறைக்கு ஏற வேண்டும் என்று பலர் கேட்பார்கள். போய்வர ஏறக்குறைய 27 கிலோமீட்டர், மே மாதத்தில் பனி. வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. இந்தப் பயணத்தில் அதைச் சேர்க்க வேண்டாம் என்பதே என் யோசனை.

நான்காம் நாள் காலை அய்ட்ஃபியோர்ட் பக்கம் ஏறி வோரிங்ஸ்ஃபொஸ் அருவி. 182 மீட்டர். பள்ளத்தாக்கின் குறுக்கே படிகளோடு ஒரு நடைபாலம் 2020இல் கட்டினார்கள். பனிக்காலத்தில் அது மூடியிருக்கும், அப்போது காட்சிமேடையில் நின்று பார்க்கலாம். திரும்பி வந்து ஹார்டாங்கர் பாலம். 2013இல் திறந்தது, தூண்களுக்கு இடையே மட்டும் 1,310 மீட்டர். பாலம் முடியும் இடத்தில் நேராக மலைக்குள் நுழைவீர்கள், உள்ளே நீல விளக்கோடு ஒரு ரவுண்டானா இருக்கும். ஜிபிஎஸ் அங்கே திணறும். வாஸ் போக எந்த வழியில் வெளியேற வேண்டும் என்று பாலத்துக்கு முன்பே பக்கத்து சீட்டுக்காரர் பார்த்து வைக்கட்டும். நாங்கள் அந்த ரவுண்டானாவை மூன்று சுற்று சுற்றியிருக்கிறோம்.

வாஸ், குட்வாங்கன் வழியாக மாலையில் ஃப்ளோம் அல்லது அவுர்லன். தங்குவதற்கு அவுர்லன் அமைதியானது. ஃப்ளோமில் கப்பல் நிற்கும் நாட்களில் கால் வைக்க இடமிருக்காது.

ஐந்தாம் நாள் கார் ஓய்வெடுக்கட்டும். ஃப்ளோம் ரயில் 20 கிலோமீட்டரில் கடல் மட்டத்திலிருந்து 866 மீட்டர் உயரத்திலுள்ள மிர்டாலுக்கு ஏறும். இருபது சுரங்கங்களில் பதினெட்டைக் கையால் தோண்டினார்கள். இன்னொன்று, ஃப்ளோமிலிருந்து நாரோய் ஃபியோர்டில் படகு, குட்வாங்கன் வரை இரண்டு மணி நேரம், திரும்பி வரப் பேருந்து. இந்த ஃபியோர்ட் குறுகலான இடத்தில் 250 மீட்டர்தான் அகலம். கெய்ராங்கர் ஃபியோர்டோடு சேர்த்து 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இப்போது ஓடும் மின்சாரப் படகில் எஞ்சின் சத்தமே இல்லை, அருவி விழுவதுதான் கேட்கும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் படகு. ரயில் கட்டணம் கொஞ்சம் நெஞ்சை அடைக்கும்.

மாலை ஏழு மணிக்கு மேல் ஸ்டேகஸ்டெய்ன் போங்கள். 650 மீட்டர் உயரத்தில் மலையிலிருந்து ஏறக்குறைய 30 மீட்டர் வெளியே நீட்டியிருக்கும் மரமேடை, முனையில் கண்ணாடி மட்டும். இது நான் முன்பு மாட்டிக்கொண்ட அதே பனிச்சாலைதான். மேடை வரை ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும், அதற்கு மேல்தான் தடுப்புக் கம்பம். அந்த நேரத்தில் பேருந்துகள் போயிருக்கும், வெளிச்சம் மிச்சமிருக்கும்.

ஆறாம் நாள் லார்டால் சுரங்கம். வெளியே வந்ததும் நேராகப் படகுக்கு ஓடாமல் கிழக்கே அரை மணி நேரம் போர்குண்ட் மரத்தேவாலயத்துக்குப் போய்வாருங்கள். 1180 வாக்கில் கட்டியது. தார் பூசிக் கருத்த மரம், அடுக்கடுக்கான கூரை, முனைகளில் டிராகன் தலை. எண்ணூறு ஆண்டு மழைக்குத் தாக்குப்பிடித்திருக்கிறது. பிறகு ஃபோட்னெஸ் துறையிலிருந்து மன்ஹெல்லருக்குக் கால் மணி நேரப் படகு. நீங்கள் கடப்பது நார்வேயின் நீளமான சோக்னெ ஃபியோர்ட், 200 கிலோமீட்டருக்கு மேல் நிலத்துக்குள் நுழைந்திருக்கிறது. ஆழமான இடத்தில் 1,300 மீட்டர் தண்ணீர். பனியாறு குடைந்த பள்ளம் என்பதால் உள்ளே ஆழம், கடலைத் தொடும் வாயில்தான் ஆழம் குறைவு. இரவு சோல்வோர்ன் அல்லது சோக்ன்டால்.

ஏழாம் நாள் வானிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வானம் தெளிவாக இருந்து சாலை 55 திறந்திருந்தால் பனிச்சுவர். மேகமாக இருந்தால் சோல்வோர்னிலிருந்து சின்னப் படகில் ஊர்னெஸ் தேவாலயம், போர்குண்டைவிடப் பழையது. வடக்குச் சுவரில் ஒன்றையொன்று கடித்துப் பின்னிய விலங்குச் செதுக்கல் இருக்கிறது. அதைப் பார்க்கவே போகலாம். மதியம் ஃபியார்லன். இங்கே பனியாற்று அருங்காட்சியகம் ஒன்று, பழைய மாட்டுத் தொழுவத்திலும் தெருவோர அலமாரியிலும் புத்தகம் விற்கும் புத்தக ஊர் ஒன்று. சுரங்கத்துக்கு முன்னால் போயாபிரேன், ஐரோப்பியப் பெருநிலத்தின் பெரிய பனியாறான யூஸ்டெடால்ஸ்பிரேனின் ஒரு கை, காரிலிருந்து இறங்கிச் சில நிமிட நடையில் தெரியும். மாலை லோயன். மறுநாள் காலை மேகம் இல்லாவிட்டால் மட்டும் அங்குள்ள கம்பிவட வண்டியில் 1,011 மீட்டர் ஏறுங்கள். மேகத்துக்குள் ஏறினால் காசுக்கு வெள்ளைத் திரை பார்த்துவிட்டு வரலாம்.

எட்டாம் நாள் ஹெல்லெசில்ட், அங்கிருந்து படகில் கெய்ராங்கர். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஏழு சகோதரிகள் அருவி ஏழாகவே தெரியும் மாதங்களில் இது ஒன்று. எதிர்க்கரையில் ஒற்றையாக விழுவதற்கு மாப்பிள்ளை கேட்டு வந்தவன் என்று பெயர். செங்குத்துச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கைவிட்ட பண்ணைவீடுகளையும் பாருங்கள். இந்தப் பக்கத்தில்தான் ஓக்னெஸ் என்ற மலைப்பகுதி ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. கருவிகள் பதித்து இரவும் பகலும் கண்காணிக்கிறார்கள். 1934இல் பக்கத்து டாஃபியோர்டில் மலை சரிந்து எழுந்த அலையில் 40 பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கழுகுச்சாலையின் பதினொரு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கடைசி வளைவில் நின்று திரும்பிப் பாருங்கள். பிறகு அய்ட்ஸ்டால் - லிங்கெ படகு, ஓலெசுன். 1904 ஜனவரியில் ஒரே இரவில் எரிந்துபோன நகரம். சில ஆண்டுகளில் முழுக்க அக்காலத்து ஆர்ட் நூவோ பாணியில் கட்டியெழுப்பியதால் தெருவுக்குத் தெரு கோபுரமும் பூச்செதுக்கலும். அக்ஸ்லா குன்றில் 418 படி ஏறினால் தீவுகள் தெரியும்.

7. தங்குவதும் சாப்பிடுவதும்

ஹித்தெ எனப்படும் மரக்குடில்கள் முகாம்தளங்களில் கிடைக்கும். அடுப்பு, பாத்திரம் இருக்கும். படுக்கை விரிப்பு நீங்கள் கொண்டுபோக வேண்டும் அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும். பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஹோட்டலைவிடச் செலவு நன்றாகக் குறையும்.

அடுப்பு இருப்பதுதான் பெரிய வசதி. உணவகத்தில் ஒரு சாதாரணத் தட்டே 200 குரோனைத் தாண்டும். அரிசி, சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா, கருவாட்டுக் கவுச்சிக்குப் பழகியவர்கள் ஆசைப்படும் உப்புக்கண்டம் இவையெல்லாம் வேண்டாம். ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுவரச் சுங்கத்தில் தடை. பெர்கனில் இலங்கைத் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள், ஆசியக் கடைகளில் பருப்பு, மிளகாய்த்தூள் கிடைக்கும். பெர்கன் தாண்டினால் கிவி, ரேமா 1000, கூப் கடைகள்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மளிகைக்கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். எல்லா இடத்திலும் கார்டு செல்லும்.

8. பையில் என்ன

மே மாதப் பகல் 15 டிகிரி, இரவு 5 டிகிரி, கணவாயில் பூஜ்யம். ஒரே தடிமனான கோட்டைவிட அடுக்கடுக்காக உடுத்துவது வசதி. உள்ளே மெல்லிய கம்பளி, நடுவே ஸ்வெட்டர், மேலே தண்ணீர் புகாத சட்டை. தண்ணீர் புகாத ஷூ. பனியில் வெயில் பட்டால் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி வேண்டும். வானிலைக்கு நார்வேயின் சொந்தச் செயலி இர். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மழை மாறும், அதனால் தங்கும் ஊரின் பெயரையே போட்டுத் தேடுங்கள்.

9. திரும்புவது

ஓலெசுன்னில் காரை விட்டுவிட்டு விமானம் ஏறலாம். பெர்கனிலேயே விட வேண்டும் என்றால் இ39 சாலையில் ஒரு முழு நாள், மூன்று படகு. கடைசிப் படகு சோக்னெ ஃபியோர்டைக் கடக்கும் லாவிக் - ஓப்பெடால். உலகின் முதல் மின்சாரக் கார் படகான ஆம்பியர் 2015இல் ஓடத் தொடங்கியது இந்தத் துறைகளுக்கு நடுவேதான்.

காரை விடும்போது நான்கு பக்கமும் கண்ணாடியும் படம் எடுத்து வையுங்கள். ஜல்லி தெறித்த சின்னக் கீறலுக்கு ஊர் திரும்பிய பிறகு ஒரு பில் வந்து, எங்களிடம் படம் இருந்ததால் தப்பித்தோம். டோலும் படகுக் கட்டணமும் சில வாரம் கழித்துக் கார்டில் வரும். அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்துவிடுங்கள், அந்தக் கார்டை அதற்குள் ரத்து செய்துவிடாதீர்கள்.